மற்றவர் நம்பிக்கையைக் கேலி செய்யலாமா?

கேள்வி: நான் நாற்பது வயதை நெருங்குபவன், கடவுள் நம்பிக்கை இல்லாதவன். எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை அக்கா என்றே அழைப்போம். தினமும் கணினியைத் திறப்பதற்கு முன் இரண்டு நிமிடம் கண்களை மூடி, உதடுகள் மட்டும் அசைய, பிரார்த்தனை செய்வார். சென்ற மாதம் ஒரு பிரிவுபசார விழாவில் நான் அதை நடித்துக் காட்டி, முடிவில் ‘கடவுளே, பாஸ்வேர்டை நீயே சொல்லிவிடு’ என்று சேர்த்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒருவர் அதைக் கைபேசியில் படமெடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து அவர் தன் இருக்கையில் பிரார்த்தனை செய்வதில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்று செய்துவிட்டு வருகிறார் என்று என் நண்பர் சொன்னார். எந்த நம்பிக்கையையும் யாரும் கேலி செய்யவே கூடாது என்கிறார் அந்த நண்பர். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கேள்வி கேட்டதற்காகச் சிறுவயதில் அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்தவன் நான். ஆதாரமில்லாத ஒன்றைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லையா? நான் கேலி செய்தது நம்பிக்கையைத்தான், அவரை அல்ல. இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆம், கேட்க வேண்டும். ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. எந்த நம்பிக்கையும் கேலிக்கு அப்பாற்பட்டது என்ற அவருடைய கருத்தில் எனக்கும் உடன்பாடு இல்லை. நீங்கள் இருவரும் வாதிட்டுக்கொண்டிருப்பது மதத்தைப் பற்றி. மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டிருப்பவரோ ஒரு மனிதர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உரிமை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞன் அல்லன், மனநல ஆலோசகன். ஆகையால் இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1766இல் பிரான்சின் அபவில் நகரில் லா பார் என்னும் இருபது வயது இளைஞர், மத ஊர்வலம் ஒன்று கடந்துசென்றபோது தொப்பியைக் கழற்றவில்லை, மதத்தை இழித்துப் பாடினார் என்பன போன்ற குற்றச்சாட்டுகளின் பேரில் தலை துண்டிக்கப்பட்டு, அவருடைய உடல் எரிக்கப்பட்டது. கேலியைக் குற்றமாக்கும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுத்தால் அது எதுவரை போகும் என்பதற்கு அது ஒரு சாட்சி. சில நாடுகளில் மத நிந்தனைக்கு இன்றும் மரண தண்டனை சட்டத்தில் இருக்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐநா மனித உரிமைகள் குழு, 2011இல் வெளியிட்ட தனது 34ஆம் பொதுக் கருத்துரையில், ஒரு மதத்துக்கு மரியாதைக் குறைவு காட்டுவதையே தடைசெய்யும் சட்டங்கள் அந்த உடன்படிக்கைக்குப் பொருந்தாதவை என்றும், பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வெறுப்புப் பேச்சு மட்டுமே அதற்கு விலக்கு என்றும் கூறியது. இங்கிலாந்து தன் பழைய மத நிந்தனைக் குற்றத்தை 2008இல் நீக்கியது; அயர்லாந்து மக்கள் 2018இல் வாக்களித்துத் தங்கள் அரசமைப்புச் சட்டத்திலிருந்தே அதை அகற்றினார்கள். இந்தப் போக்கை நான் வரவேற்கிறேன். ஆனால் கைது செய்ய முடியாது என்பதற்கும் செய்தது சரி என்பதற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதியதே அந்த இடைவெளியில் நின்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்தின் மையமான வரிக்கு வருகிறேன்: ‘நான் கேலி செய்தது நம்பிக்கையைத்தான், அவரை அல்ல.’ அன்று நீங்கள் எதை நடித்துக் காட்டினீர்கள் என்று ஒரு முறை நினைவுபடுத்திப் பாருங்கள். அவர் எந்தக் கடவுளை நம்புகிறார், அந்தக் கடவுளைப் பற்றி என்னென்ன சொல்லப்படுகிறது, அவற்றில் எங்கே முரண்பாடு இருக்கிறது என்பவற்றில் ஒன்றுகூட உங்கள் நடிப்பில் இடம்பெறவில்லை. அவர் கண்களை மூடும் விதம் இருந்தது. ஒலியில்லாமல் அசையும் உதடுகள் இருந்தன. கோட்பாட்டுக்கு உதடுகள் கிடையாது. அந்த உதடுகள் யாருடையவை என்பது அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்ததால்தான் சிரிப்பு எழுந்தது. தெரியாத ஓர் ஊரில், தெரியாத மனிதர்களின் முன்னால் அதே நடிப்பை நீங்கள் நடித்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு சுவர் நினைவுக்கு வருகிறது. ரோமின் பாலட்டைன் குன்றில் 1857இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு கட்டடத்தின் சுவர்ப்பூச்சில், யாரோ கூர்மையான எதையோ வைத்துக் கீறிய படம் ஒன்று கிடைத்தது. சிலுவையில் ஓர் உருவம். உடல் மனித உடல், தலை கழுதைத் தலை. அதன் பக்கத்தில் ஓர் இளைஞன் கையை உயர்த்தி வணங்கி நிற்கிறான். கீழே கிரேக்க எழுத்தில், எழுத்துப் பிழையோடு, ‘அலெக்சமெனோஸ் தன் கடவுளை வழிபடுகிறான்’ என்று எழுதியிருக்கிறது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் பழமையானது எனப் பல அறிஞர்கள் கருதும் அந்தக் கீறல், கிறிஸ்துவைச் சிலுவையில் காட்டும் மிகப் பழைய படங்களுள் ஒன்று. அதாவது, அந்த நிகழ்வை வரைந்து நமக்குக் கிடைத்திருக்கும் ஆரம்பகாலப் படங்களுள் ஒன்று பக்தியால் வரையப்பட்டதல்ல, கிண்டலுக்காக வரையப்பட்டது. அரண்மனைப் பணியாளர்களாகும் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடம் அது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் கீறியவனும் கீறப்பட்டவனும் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே வேலையைக் கற்றுக்கொண்டிருந்தவர்களாக இருக்கலாம்.

அந்தப் படத்தில் என்னை எப்போதும் நிறுத்துவது கழுதைத் தலை அல்ல, அந்தப் பெயர். மதத்தைத்தான் கேலி செய்கிறோம் என்றால் பெயர் எதற்கு? வரைந்தவனும் ஒருவேளை உங்களைப் போலவே, தான் சிரித்தது அந்த விசித்திரமான புதிய கடவுளைப் பார்த்துத்தான் என்று சொல்லியிருப்பான். ஆனால் மறுநாள் காலையில் அந்தச் சுவரைக் கடந்து போக வேண்டியிருந்தது கடவுள் அல்லவே. பக்கத்து அறையொன்றில் இன்னொரு கீறலும் கிடைத்திருக்கிறது: ‘அலெக்சமெனோஸ் விசுவாசமுள்ளவன்’ என்று, இம்முறை லத்தீனில். அவனே எழுதிய பதிலா, அவனுக்காக ஒரு நண்பன் எழுதியதா என்று சொல்ல வழியில்லை. உங்கள் அலுவலகத்தில் அந்த இரண்டாவது கீறலை இன்னும் யாரும் எழுதவில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம்பிக்கையாளர்கள் எப்போதும் கேலிக்கு ஆளாகும் அப்பாவிகள் என்று நான் சொல்வதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அலெக்சமெனோஸின் மதம் பிற்காலத்தில் அந்தப் பேரரசையே தன்வயப்படுத்தியது. 391, 392ஆம் ஆண்டுகளில் பேரரசர் தியோடோசியஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைத் தடைசெய்து ஆணைகள் பிறப்பித்தார். பழைய வழிபாட்டைப் பார்த்து உரக்கச் சிரிப்பது அதற்கு முன்பே கிறிஸ்தவ எழுத்தில் வழக்கமாகிவிட்டிருந்தது. கேலி ஒரே கையில் நிலைத்து இருப்பதில்லை. அதிகாரம் இடம் மாறும்போது அதுவும் கூடவே மாறுகிறது. எனவே, ஒரு குறிப்பிட்ட கேலி ஏற்கத்தக்கதா என்று என்னிடம் கேட்பவர்களிடம், கேலிக்குள்ளான கருத்து எவ்வளவு அபத்தமானது என்று நான் கேட்பதில்லை. சிரித்தவர் எங்கே நின்றுகொண்டிருந்தார், சிரிக்கப்பட்டவர் எழுந்து பதில் சொல்லக்கூடிய நிலையில் இருந்தாரா என்றுதான் கேட்கிறேன்.

அப்படிக் கேட்டுப் பார்த்தால், தாராளமாகச் சிரிக்க வேண்டிய இடங்களும் தெரியவரும். 1986இல் அமெரிக்காவில், பீட்டர் பாப்பாஃப் என்னும் மதபோதகர் தன் கூட்டத்துக்கு வந்த முன்பின் தெரியாத நோயாளிகளின் பெயரையும் நோயையும், கடவுளே காதில் சொல்வதுபோல, ஒவ்வொன்றாகச் சொல்லி வியப்பில் ஆழ்த்திக்கொண்டிருந்தார். மேஜிக் கலைஞரான ஜேம்ஸ் ராண்டி தன் குழுவினரோடு அந்தக் கூட்டத்துக்குள் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவியைக் கொண்டுபோனார். 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கடவுளின் குரல் கேட்டது. அது போதகருடைய மனைவியின் குரல். கூட்டம் தொடங்குவதற்கு முன் திரட்டிய விவரங்களை, அவர் காதில் மறைத்து வைத்திருந்த சிறு கருவிக்கு மனைவி வாசித்துக்கொண்டிருந்தார். ராண்டி அந்தப் பதிவைத் தேசிய அளவில் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டே அந்தப் போதகர் திவால் மனு கொடுத்தார்.

இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியுமா? நான் சிரித்தேன்; எப்போது நினைத்தாலும் சிரிக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு யார் மேல் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். நம்பிக்கையோடு சக்கர நாற்காலியில் வந்து வரிசையில் காத்திருந்தவர்கள் மேல் அல்ல. அவர்களுடைய நம்பிக்கையைக் காசாக்கியவர் மேல். அதே நிகழ்ச்சியில் ராண்டி அந்த நோயாளிகள் கைதூக்கி அழுவதை நடித்துக் காட்டியிருந்தால், மோசடி அம்பலமான அதே உண்மைகளோடு அது வேறொரு நிகழ்ச்சியாகியிருக்கும். நம்பிக்கையின் பெயரால் பணம் பறிப்பவர், குழந்தைக்கு மருத்துவம் செய்யவிடாமல் தடுப்பவர், கேள்வி கேட்பவரின் வாயை அடைப்பவர் ஆகியோரெல்லாம் கேலிக்கு உரியவர்கள்தான். அவர்களைக் கேலி செய்ய ஓரளவு துணிச்சலும் வேண்டும். கணக்குப் பிரிவில் இரண்டு நிமிடம் கண் மூடியிருப்பவரைக் கேலி செய்ய எந்தத் துணிச்சலும் தேவைப்படவில்லை. அவர் யாரையும் தன்னோடு கண் மூடச் சொன்னதாகவோ, அதனால் அவருடைய வேலை தாமதமானதாகவோ நீங்கள் எழுதவில்லை.

அவரும் சிரித்தாரே என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதையும் விட்டுவிட முடியாது. என் அறையில் இந்த வகைச் சிரிப்பைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். முப்பது பேர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரித்துவிட்டால், அது முப்பத்தொரு பேர் சேர்ந்து சிரித்ததாகிவிடுகிறது. சிரிக்காவிட்டால் நாம் மட்டும் தனியாக நிற்க வேண்டும், அதற்குமேல் ‘வேடிக்கை தெரியாதவர்’ என்ற பெயரும் சேரும். அந்த ஒரு நொடியில் யாராக இருந்தாலும் சிரிப்பைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவருடைய உண்மையான பதிலை நீங்கள் சிரிப்பில் தேடக் கூடாது. மறுநாள் காலையில் அவர் எழுந்து மாடிப்படிக்குப் போனாரே, அதுதான் பதில்.

இன்னும் ஒன்று. அன்று பாதிக்கப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். லெஸ்லி ஜேன்ஸ், ஜேம்ஸ் ஓல்சன் என்னும் கனடா நாட்டு உளவியல் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் இன்னொருவரைக் கேலி செய்யும் காணொளியைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகமாக மற்றவர்களின் கருத்தோடு ஒத்துப்போனார்கள். தோற்றுவிடுவோமோ என்ற அச்சமும் அவர்களிடம் கூடியிருந்தது. கேலி செய்யப்பட்டவர்கள் அல்ல, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். சுதந்திரமாகச் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே மதத்தை விட்டவர் நீங்கள். அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது, கூட்டத்திலிருந்து வேறுபட்டு எதையும் வெளிக்காட்டிவிடாதே என்பதாக இருந்திருக்கலாம். தாமஸ் ஃபோர்டு, மார்க் ஃபெர்குசன் ஆகிய இருவர் 2004இல் முன்வைத்த ஒரு கோட்பாடும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது: ஒரு குழுவை இழிவுபடுத்தும் நகைச்சுவை, இல்லாத வெறுப்பைப் புதிதாக உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே வெறுப்பு உள்ளவருக்கு ‘இங்கே இது செல்லும்’ என்று அனுமதி கொடுத்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். உங்களுக்கு அந்த அக்காவின் மதத்தவர்மீது வெறுப்பு இல்லை என்றே நம்புகிறேன். அந்தக் காணொளியை இப்போது கைபேசியில் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் நீங்கள் அந்த உறுதியைக் கொடுக்க முடியுமா?

கேலி செய்தால் அவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள் என்றொரு எண்ணம் பகுத்தறிவாளர்களிடம் உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. மாணவப் பருவத்தில் என் விடுதி அறைத் தோழர் ஒருவர் தீவிர நம்பிக்கையாளர். இரவு நேரங்களில் நண்பர்கள் கூடியிருக்கும்போது அவரைக் கேள்விகளால் மடக்கி மற்றவர்களைச் சிரிக்கவைப்பது எனக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொரு முறையும் நான்தான் வென்றேன். குறைந்தபட்சம் அப்படி நினைத்துக்கொண்டேன். மூன்றாம் ஆண்டில் அவருடைய தாயார் இறந்துபோனார். எங்கள் தளத்தில் இருந்த எல்லாருடைய அறைக் கதவையும் தட்டி அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரே அறையில் படுத்திருந்தவன் நான். எப்படியும் அவர் தன் தாய்க்காகப் பிரார்த்தனை செய்வதாகத்தான் சொல்லியிருப்பார். அதற்கு என் முகம் எப்படி மாறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய நம்பிக்கை என் வாதங்களால் கடுகளவும் குறையவில்லை. என்னோடு பேசுவதற்கான இடம்தான் குறைந்துபோயிருந்தது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அசோகர் தன் 12ஆம் பாறைக் கல்வெட்டில், பிறர் மார்க்கத்தை இழித்துப் பேசுபவன் தன் மார்க்கத்துக்கே அதிகத் தீங்கு செய்கிறான் என்று பொறித்துவைத்திருக்கிறார். உங்களுக்கு மார்க்கம் இல்லை என்பீர்கள். ஆனாலும் அந்த அலுவலகத்தில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று எல்லோருக்கும் தெரிந்தவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். நம்பிக்கையற்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அவர்கள் உங்களை வைத்துத்தான் அளக்கப்போகிறார்கள்.

மன்னிப்புக் கேட்கும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலர் சறுக்குவது இங்கேதான். அவரிடம் போவதற்கு முன்பே அந்தக் காணொளியைப் போட்டவரிடம் பேசி, குழுவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அதே குழுவில் ‘அன்று நான் செய்தது சரியில்லை, யாரும் அதைப் பகிர வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அதில் அவர் பெயர் வேண்டாம். பிறகு அவரைத் தனியாகப் பாருங்கள். ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ‘இருந்தால்’ இருக்கிறதே, அது தவறை உங்கள் செயலிலிருந்து எடுத்து அவருடைய மனத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. ‘அக்கா, உங்கள் பிரார்த்தனையை நான் எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்டியிருக்கக் கூடாது, மன்னித்துவிடுங்கள்’ என்பது போதும். நீங்கள் ஏன் நம்புவதில்லை என்ற விளக்கத்தை அதே பேச்சில் சேர்க்காதீர்கள். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, விடு தம்பி’ என்று அவர் சொல்லக்கூடும். அதைக் கேட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம், ‘இல்லை, உண்மையைச் சொல்லுங்கள்’ என்று வற்புறுத்தவும் வேண்டாம். மறுநாள் அவர் தன் இருக்கைக்குத் திரும்பி வந்து பிரார்த்தனை செய்கிறாரா என்று எட்டிப் பார்க்காதீர்கள். மாடிப்படித் திருப்பமே அவருக்குப் பிடித்துப்போயிருந்தால் அது அவருடைய விருப்பம்.

இதனால் உங்கள் கருத்துகளை நீங்கள் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று பொருள் இல்லை. என்றாவது அவரே உங்களிடம் ‘நீ ஏன் எதையும் நம்புவதில்லை?’ என்று கேட்டால், மழுப்பாமல் சொல்லுங்கள். பிரார்த்தனைக்குப் பலன் உண்டு என்று அவர் சொன்னால், எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள். சிரிப்பைவிட மறுப்பு மரியாதையானது. மறுப்பவர் எதிரில் இருப்பவரைப் பதில் சொல்லத் தகுந்தவராக நினைக்கிறார்.

கடைசியாக, உங்கள் அப்பா. இவ்வளவு நீளமான கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதுவும் வாதத்துக்கு ஆதாரம்போல. கேள்வி கேட்ட ஒரு சிறுவனை அடித்த கை அந்த அக்காவுடையது அல்ல. ஆனால் கண் மூடி உதடசைக்கும் ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்குள் எழுவது வேடிக்கை உணர்வு மட்டும்தானா, அதற்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அந்த வீட்டில் அப்பாவைப் பார்த்து உங்களால் சிரித்திருக்க முடியாது. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஒரே வரியை வைத்துக்கொண்டு அதற்குமேல் சொல்வது நேர்மையாகாது. விருப்பமிருந்தால், அலுவலகத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் விரித்து எழுதி அனுப்புங்கள். அதை இங்கே வெளியிடாமல் உங்களுக்குத் தனியாகவே பதில் எழுதுகிறேன்.